மூன்றாவது படி

கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியில் நாங்கள் சரக்கு வைக்க வாடகைக்கு எடுத்திருந்த ஸ்டோர்ஸின் பின்கதவைத் திறந்தால் ஐந்து சீமெந்துப் படிகள் இறங்கும். கீழே வாய்க்கால். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் படியேறும். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட அண்ணன், தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இளவயதில் கொழும்புக்கு வந்து, மூட்டை தூக்குவதில் தொடங்கி ஸ்டோர்ஸ் பொறுப்புவரை வந்தவர் அவர். களனி கங்கையின் நீர்மட்டத்தைப் பார்க்க நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு நாகலகம் வீதியில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அண்ணனுக்கு அந்தச் சுவர்.

2016 சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, மாதக் கணக்குப் பார்க்கப் போன என்னை அந்தப் படிக்குக் கூட்டிப்போனார்.

"மிஸ், போன வருசம் பெரிய மழைக்கே கீழருந்து ரெண்டாவது படி வரைக்கும்தான் தண்ணி வந்திச்சு. இந்தத் தடவ ஒரு ராத்திரி மழைதான், மூணாவது படிய தொட்டிருச்சு. வாய்க்கா அங்கிட்டு எங்கயோ அடைச்சிருக்கு போல. பெரிய மழ வந்தா என்னா ஆகும்னு எனக்கு சொல்லத் தெரியல. கிராண்ட்பாஸ் மேல்மாடி ஸ்டோர்ஸ இப்ப விட வேணாம்னு சேர்கிட்ட சொல்லுங்க."

அந்த நேரம் எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு ஸ்டோர்ஸ்: வெல்லம்பிட்டியில் இது, கிராண்ட்பாஸில் ஒரு மேல்மாடி. நாலாங் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பருப்பு, கடலை, செத்தல் மிளகாய் இறக்கிக் கொடுக்கிற வேலை. ஜூன் தொடக்கத்தில் நோன்பு வரவிருந்ததால் கடலையும் பருப்பும் வழக்கத்தைவிட அதிகமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கிராண்ட்பாஸ் மேல்மாடியின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெல்லம்பிட்டியில் வைக்கலாமா என்பதுதான் அந்த மாதக் கூட்டத்தின் பெரிய கேள்வி.

எனக்கு ஆங்கிலம் நன்றாக எழுத வரும். அதனால் கூட்டத்துக்கான ஸ்டோர்ஸ் அறிக்கையைத் தயாரிப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. அண்ணன் சொன்னதை நான் இப்படி எழுதினேன்: "மைனர் ட்ரெய்னேஜ் இஷ்யூ அட் ரியர். டு பி மொனிட்டர்ட்." பின்பக்கத்தில் சிறிய வடிகால் பிரச்சினை, கவனித்துக்கொள்ளப்படும் என்று அர்த்தம்.

அந்த வரியைப் பல வருடங்களாக மனதுக்குள் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன். அதில் படி இல்லை. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. வாய்க்கால் எங்கோ அடைத்திருக்கலாம் என்ற ஊகம் இல்லை. மேல்மாடியை விடவேண்டாம் என்ற கோரிக்கை இல்லை. எல்லாவற்றையும்விட, "சொல்லத் தெரியல" என்ற சொல் இல்லை. "மைனர்" என்ற சொல்லை அண்ணன் சொல்லவே இல்லை. அது என்னுடையது.

கூட்டம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. கிராண்ட்பாஸை விட்டோம்.

மே நடுப்பகுதியில் தொடங்கிய மழையைக் கொழும்புக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். களனி கங்கை கரைபுரண்டது. கொலொன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் படகில் போய் ஆட்களை எடுத்தார்கள். வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன்னால் எங்கள் கடலை மூட்டைகள் ஒரு கணக்கே இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் வடிந்தபிறகு அந்தக் கதவைத் திறந்தபோது வந்த புளித்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மூட்டைகளுக்குள் கடலை முளைவிட்டிருந்தது.

அப்புறம் ஒரு விசாரணைக் கூட்டம். "ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?" என்று முகாமையாளர் கேட்டார். சொல்லியிருக்கிறோமே என்று ஒருவர் கோப்பைத் திறந்து என் வரியைக் காட்டினார். மைனர் என்றுதானே இருக்கிறது என்றார் முகாமையாளர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அண்ணன் கதவடியில் நின்றார். ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, வேலை முடிந்து மாலை வகுப்பில் முகாமைத்துவம் படிக்கப் போனேன். பதவி உயர்வுக்கு ஒரு தாள் வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். நிறுவனங்களில் முடிவெடுத்தல் என்ற பாடத்தில் விரிவுரையாளர் ஹேர்பர்ட் சைமன் என்ற பெயரைச் சொன்னார். 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர். நிறுவனங்களில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்ற அவருடைய கேள்வி ஒரு பெரிய கம்பனியில் பிறந்ததல்ல. 1935இல், மாணவனாக, தன் சொந்த ஊரான மில்வாக்கியில் பிள்ளைகளின் விளையாட்டு மைதானங்களை யார் நடத்துகிறார்கள் என்று பார்க்கப் போனார். கல்விச் சபையும் நகர நிர்வாகமும் சேர்ந்து நடத்தின. இருக்கிற காசை மரம், செடி, பராமரிப்புக்குக் கொடுப்பதா, பிள்ளைகளோடு நின்று விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குக் கொடுப்பதா என்று இரண்டு பக்கமும் முடிவில்லாமல் இழுபறி. எதில் ஒரு ரூபாய் கூடப் போட்டால் அதிக நன்மை என்று பொருளியல் பாடம் சொல்வதுபோல் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை வைத்துத்தான் பேசினார்கள்.

அங்கிருந்து அவர் போன தூரம் பெரியது. மனித அறிவுக்கும் நேரத்துக்கும் எல்லை இருக்கிறது, அதனால் நாம் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறோம் என்றார். இது பலருக்கும் தெரிந்த பகுதி. என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. ஒரு நிறுவனத்தில் முடிவு என்பது மேலே இருப்பவர் கையெழுத்துப் போடும் கணத்தில் பிறப்பதில்லை. அது பல எடுகோள்களால், அதாவது சரியென்று முதலே எடுத்துக்கொண்டவற்றால், கட்டப்படுகிறது, அந்த எடுகோள்கள் நிறுவனத்தின் பல மூலைகளிலிருந்து வருகின்றன என்று 1947இலேயே எழுதியிருக்கிறார். வகுப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்குக் கை குளிர்ந்தது. கிராண்ட்பாஸை விடுவது என்ற முடிவை எடுத்தது யார்? கையெழுத்து முகாமையாளருடையது. ஆனால் "வெல்லம்பிட்டி பாதுகாப்பானது" என்ற எடுகோளை அவர் மேசையில் வைத்தது நான்.

1958இல் சைமனும் சக ஆய்வாளரான ஜேம்ஸ் மார்ச்சும் சேர்ந்து எழுதியதில் இதற்கு ஒரு பெயரே இருந்தது. தமிழில் சொன்னால் "ஐயத்தை உறிஞ்சிக்கொள்வது". கீழே ஒருவர் தன் கண்ணால் ஒன்றைப் பார்க்கிறார். அதிலிருந்து ஓர் அனுமானத்துக்கு வருகிறார். மேலே அனுப்பப்படுவது அவர் பார்த்தது அல்ல, அந்த அனுமானம் மட்டும்தான். அடுத்த மேசையில் இருப்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நம்புவதைத் தவிர வேறு வேலையில்லை. இப்படி ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வடிந்துபோய், உச்சிக்குப் போகும்போது வெறும் உண்மைபோல ஒரு வரி நிற்கும். ஆகவே அந்த அனுமானம் நடக்கிற மேசையில் இருப்பவர் கையில்தான் பெரிய அதிகாரம் இருக்கிறது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

இங்கே ஒன்றை நான் அழுத்திச் சொல்லவேண்டும். மார்ச்சும் சைமனும் அமெரிக்காவில் இருந்து எழுதினார்கள். அங்கே பெரும்பாலும் கீழிருப்பவரும் மேலிருப்பவரும் ஒரே மொழி பேசுவார்கள். கொழும்பில் அப்படியில்லை. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் யூனியன் பிளேஸிலும் எத்தனையோ தனியார் அலுவலகங்களில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சரக்கைத் தொடுகிறவர், லொறி ஓட்டுகிறவர், கடைக்காரரோடு பேசுகிறவர், மெஷினின் சத்தம் மாறுவதை முதலில் கேட்கிறவர் எல்லாரும் தமிழிலும் சிங்களத்திலும் அறிகிறார்கள். சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956இலிருந்து இந்த நாட்டில் மொழி என்றால் அரச அலுவலகம், சட்டம், உரிமை என்று பேசிப் பழகிவிட்டோம், பேசவேண்டியதும்தான். ஆனால் ஒரு தனியார் கம்பனியின் ஸ்டோர்ஸுக்கும் கூட்ட அறைக்கும் நடுவில் இருக்கிற மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நம் ஊரில் ஐயம் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் நடக்கிறது. "தொட்டிருச்சு", "போல", "சொல்லத் தெரியல" ஆகிய மூன்றும் எச்சரிக்கைகள். அலுவலக ஆங்கிலத்தில் அவற்றுக்கு இடமில்லை என்று நாங்களே நினைத்துக்கொள்கிறோம். அறிக்கை தெளிவாக இருக்கவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளிவாக எழுதினால் அது பொய்.

இதன் ஆகக் கொடுமையான உதாரணம் சலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28, ஏவி 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். முதல் நாள் இரவு ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்திருக்கிறது. ராக்கெட்டைச் செய்த கம்பனியின் பொறியியலாளர்கள், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக வேலை செய்யாது, 53 பாகை பாரன்ஹைட்டுக்குக் கீழே ஏவவேண்டாம் என்று சொன்னார்கள். நாசா பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. கம்பனிக்காரர் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். பொறியியல் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமைத்துவத் தொப்பியைப் போடு என்று அவர்களில் ஒரு மேலதிகாரி இன்னொருவரிடம் சொன்னது வரலாற்றில் பதிந்திருக்கிறது. ஏவலாம் என்ற பரிந்துரை போனது. இது பலருக்குத் தெரியும். என்னைத் தூங்கவிடாத பகுதி இதற்குப் பிறகு வருவது: ஏவுவதற்குக் கடைசி அனுமதி கொடுத்த உயர் அதிகாரிகளுக்கு அந்த இரவு அப்படியொரு வாக்குவாதம் நடந்ததே சொல்லப்படவில்லை. விசாரணை ஆணைக்குழு அதைத் தெளிவாகக் கண்டது. மேலே போனது முடிவு மட்டும். வாக்குவாதம் கீழேயே நின்றுவிட்டது.

சரி, மேலே உள்ளவர்களுக்கு நிறையத் தகவல் அனுப்பினால் போதுமா? அதுவும் இல்லை. மார்த்தா ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளரும் மார்ச்சும் 1981இல் காட்டியது இது: நிறுவனங்கள் தேவைக்கு மேல் தகவல் சேர்க்கின்றன, கேட்டு வாங்கிய அறிக்கையைப் படிக்காமல் முடிவெடுக்கின்றன, எடுத்தபிறகு இன்னும் அறிக்கை கேட்கின்றன. நாங்கள் ஆராய்ந்துதான் முடிவெடுத்தோம் என்று காட்டுவதற்கு அந்தத் தாள்கள் தேவைப்படுகின்றன. அலுவலகத்தில் ஒரு வருடமாவது இருந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏமி எட்மன்ட்சன் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் எதிர்ப்பக்கம் காட்டின: நல்ல பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் புரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொல்லப்படுகிறது. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதிய கட்டுரை, பேசினால் அவமானப்படமாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுக்கள்தான் கற்றுக்கொள்கின்றன என்பதைக் காட்டியது.

இதைப் படித்த அன்று நான் பழைய கோப்புகளை நினைத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு ஸ்டோர்ஸில் வெல்லம்பிட்டியிலிருந்துதான் சேத அறிக்கை அதிகம் வரும். எலி கடித்த மூட்டை, நனைந்த மூட்டை, தையல் விட்ட மூட்டை. அண்ணன் ஒன்றையும் மறைக்கமாட்டார். கிராண்ட்பாஸிலிருந்து ஒன்றுமே வராது. வருட இறுதியில் கிராண்ட்பாஸ் பொறுப்பாளருக்குத்தான் பாராட்டு. "அவன் எந்நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான்" என்ற பெயர் அண்ணனுக்கு. மூன்றாவது படியைப் பற்றி அவர் சொன்னபோது அந்தப் பெயரும் என் காதில் இருந்திருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாத் தவறான முடிவுக்கும் கீழிருந்து குரல் வராததுதான் காரணம் என்று சொன்னால் நான் என் கதையை எல்லார் தலையிலும் கட்டுகிறவளாவேன். 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்ன ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச, 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே வர்த்தமானி மூலம் நிறுத்தினார். அப்போது விஞ்ஞானிகள் மௌனமாக இருக்கவில்லை. விவசாயப் பேராசிரியர்கள் பகிரங்கமாக எழுதினார்கள், பேசினார்கள். விவசாயிகள் வீதியில் நின்றார்கள். அண்ணனின் தங்கை இன்னும் தோட்டத்தில்தான். கொழுந்து குறைந்துபோய் நாள் பெயரே, அதாவது முழுநாள் சம்பளக் கணக்கே, சரியாக விழுவதில்லை என்று அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நவம்பரில் தடை தளர்ந்தது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல்போனதும் அதற்குக் காரணம், உரம் மட்டுமல்ல. இருந்தாலும் அங்கே ஐயம் நடுவழியில் உறிஞ்சப்படவில்லை. அது எல்லாருடைய காதிலும் சத்தமாக விழுந்தது. சொல்கிற வழியைத் திறந்துவைத்தாலும், கேட்கிறவர் முடிவை முதலே எடுத்துவிட்டால் அந்த வழியால் வருவது எங்கேயும் போய்ச் சேராது. ஆய்வாளர்களிடம் இதற்கு நான் திருப்தியான மருந்து கண்டதில்லை. கேட்க விரும்பாதவருக்கு எந்தப் படிவமும் உதவாது என்றுதான் நினைக்கிறேன்.

கேட்க விருப்பம் உள்ள இடத்தில், வழி சரியில்லாததால் போய்ச் சேராத செய்திகள்தான் என் அக்கறை. அவை நிறைய. எங்கள் பழைய முகாமையாளர் கெட்டவர் அல்ல. அண்ணனின் ஐந்து வாக்கியத்தையும் அப்படியே கேட்டிருந்தால் கிராண்ட்பாஸை இன்னொரு மூன்று மாதம் வைத்திருப்பார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இப்போது வேறொரு விநியோக நிறுவனத்தில் இருக்கிறேன். பட்டர், சீஸ், ஐஸ்கிரீம், எல்லாம் குளிரில் வைக்கவேண்டிய சாமான். கூட்ட அறிக்கையில் ஒரு பத்தியைக் கூட்டினேன். பார்த்தவர் சொன்னது, அவர் மொழியில், அவர் சொல்லில். தமிழில் சொன்னால் தமிழ் எழுத்தில், சிங்களத்தில் சொன்னால் சிங்கள எழுத்தில். அதன் பக்கத்தில் என் ஆங்கிலச் சுருக்கம். "இது அறிக்கையா, கடிதமா?" என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். நீளமாக இருக்கிறது என்றார்கள். நான் விடவில்லை.

கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிய ஒரு முறையையும் கொண்டுவந்தோம். பெரிய முடிவொன்றை எடுப்பதற்கு முன்னால், அது ஏற்கனவே தோற்றுப்போய்விட்டது என்று எல்லாரும் வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் எழுதவேண்டும். தீயணைப்பு வீரர்கள் ஆபத்து நடுவில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்தவர் க்ளைன். "இது சரிவருமா?" என்று கேட்டால் நம் ஆட்கள் "வரும் சேர்" என்றுதான் சொல்வார்கள், மரியாதை அப்படி. "இது சரிவரவில்லை, ஏன்?" என்று கேட்டால் மரியாதைக்குப் பங்கமில்லாமல் வாய் திறக்கிறது. முதல் தடவை பயனில்லை. எல்லாத் துண்டிலும் டொலர் விலை, மழை, அரசாங்கம். இரண்டாம் தடவை ட்ரைவர்களையும் கூப்பிட்டோம், எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் வேண்டாம் என்றோம். ஒரு துண்டில் பிழை பிழையாகத் தமிழில், "வத்தளை பாலத்துல ரெண்டு மணிநேரம் நிக்குது, அப்ப லொறி குளிர் நிக்காது" என்று இருந்தது. புதிய பாதைத் திட்டத்தைப் போட்ட எங்களில் ஒருவரும் அந்தப் பாலத்தில் இரண்டு மணிநேரம் நின்றவர் அல்ல.

போன நத்தாருக்கு முன்னால் நடந்த கூட்டம் இது. இரண்டு குளிர் அறைகளில் ஒன்றைத் திருத்த வேலைக்கு மூடிவிட்டு, சாமான் முழுவதையும் மற்றதில் வைப்பது என்ற முடிவு. பணிப்பாளர் பேனையைத் திறந்துவிட்டார். என் ஆங்கிலச் சுருக்கத்தில், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் எடுக்கச் சற்றுத் தாமதமாவதாக இருந்தது. பக்கத்துப் பத்தியில், இரவு வேலை செய்கிற சிங்களப் பையன் சொன்னது அவன் சொன்னபடியே இருந்தது. சில நாளைக்கு உடனே எடுக்கிறது, சில நாளைக்கு இல்லை, போன கிழமை இரண்டு தடவை நானே போய்த் தட்டினேன் என்று சொல்லி, கடைசியில் "ஹரியட்டம கியன்ன பே" என்று முடித்திருந்தான். சரியாகச் சொல்லமுடியாது.

பணிப்பாளர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு அந்தப் பையனின் நம்பரைக் கேட்டார். அவன் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். பரவாயில்லை, எடுங்கள் என்றார். ஸ்பீக்கரில் போட்டு மேசையின் நடுவில் வைத்தோம். தூக்கக் குரலில் பையன் "ஹலோ" என்றான். பணிப்பாளர் ஆங்கிலத்தை விட்டுவிட்டுச் சிங்களத்தில், "தம்பி, எங்கே தட்டினாய்?" என்று கேட்டார்.